ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம்: ஒரு குளிசை தண்ணீரில் உடையுது, மற்றது உடையேல்லை. ஏன்?

வெள்ளவத்தை மகள்

அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் 500 எடுக்கிறா, காலையும் இரவும் ஒவ்வொன்று. வழமையா வாங்கிற கொம்பனியின்ர குளிசை போன மாதம் கிடைக்கேல்லை. பாமசியில வேறு கொம்பனியினதைத் தந்து, "இதுவும் அதே மருந்துதான்" எண்டு சொன்னவை.

நாலு நாளைக்குப் பிறகு அம்மா பயந்துபோய் வந்து, மலத்தோட குளிசை அப்படியே போகுது எண்டா. நான் நம்பேல்லை. மாமி சொன்னா, தண்ணியில போட்டுப் பார் எண்டு. பழைய கார்டில மிஞ்சியிருந்த ஒன்றையும் புதுசில ஒன்றையும் இரண்டு கிளாசில போட்டேன். பழையது ஐந்து நிமிசத்துக்குள்ள பொலபொலவெண்டு உதிர்ந்து அடியில மாவாப் படிஞ்சிட்டுது. புதுசு அரை மணித்தியாலம் ஆகியும் அப்படியே கிடக்கு. மேல நுங்கு மாதிரி வழுவழுவெண்டு ஒரு தோல், விரலால அமத்தினால் நடுவில இன்னும் கட்டி.

இது போலி மருந்தா? உள்ளே இருந்த தாளில மெட்ஃபோர்மினைத் தவிர ஏழெட்டுப் பெயர் கிடக்கு. அதெல்லாம் எதுக்குப் போடுறவை? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. எனக்கு இரண்டு நாளா நித்திரை இல்லை.

காலி வீதி

அந்த ஏழெட்டுப் பெயரும் சும்மா நிரப்புகிற சாமான். மருந்து 500 மில்லிகிராம் என்றால் 500 மில்லிகிராம் மட்டும் இருக்க வேண்டும். மிச்சமெல்லாம் எங்கள் வயிற்றுக்குள் போகிற வேண்டாத கெமிக்கல். உடையாத குளிசையைத் தூக்கி எறியுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கவுண்டர்

அக்கா, எறியவும் வேண்டாம், மருந்தை நிறுத்தவும் வேண்டாம். நான் பாமசிஸ்ட். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

கார்டின் பின்பக்கம் மெட்ஃபோர்மினுக்குப் பக்கத்தில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று ஏதாவது எழுத்து இருக்கா? தாளில் ஹைப்ரோமெலோஸ் என்ற பெயர் இருக்கா? அம்மா குளிசையை முழுசா விழுங்குறாவா, முறிக்கிறாவா?

வெள்ளவத்தை மகள்

இருக்கு. சின்ன எழுத்தில எக்ஸ்ஆர். நான் கவனிக்கவே இல்லை. ஹைப்ரோமெலோஸும் இருக்கு. புதுக்குளிசை பெரிசு எண்டு அம்மா இரண்டா முறிச்சுத்தான் விழுங்குறவா. சில நாள் முழுசா.

கொட்டாஞ்சேனைக் கவுண்டர்

முறிப்பதை இன்றிரவே நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் கிளாசில் பார்த்தது போலி மருந்தின் அடையாளம் இல்லை. எக்ஸ்ஆர் என்றால் மருந்தை மெதுவாக வெளியே விடும் குளிசை. அது உடையக்கூடாது என்றே செய்யப்பட்டது. ஹைப்ரோமெலோஸ் செலுலோசிலிருந்து எடுக்கும் ஒரு பொருள். தண்ணீர் பட்டதும் ஊறி, நீங்கள் சொன்ன நுங்குத் தோலாக மாறும். உள்ளேயிருக்கும் மருந்து அந்தத் தோல் வழியாகப் பல மணித்தியாலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மருந்தெல்லாம் வெளியேறிய பிறகு மிஞ்சிய ஊறிய கூடு மலத்தோடு போகலாம். அம்மா கண்டது அந்தக் கூட்டைத்தான். எக்ஸ்ஆர் மெட்ஃபோர்மினில் அது வழமையானது, தாளிலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் நசுக்கினாலோ மென்றாலோ அந்தத் தோல் உருவாகாது, முறித்தாலும் அதன் கணக்குக் குழம்பும். மெதுவாக வரவேண்டியது வேகமாக வந்துவிடும்.

என் கவலை வேறு. டொக்டர் எழுதியது சாதாரண மெட்ஃபோர்மின் என்றால், எக்ஸ்ஆரை "அதே மருந்து" என்று தந்தது பாமசியின் பிழை. மருந்து அதேதான், குளிசை அதே குளிசை இல்லை. டொக்டர் எழுதிய துண்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே பாமசிக்குப் போங்கள். டொக்டருக்கும் சொல்லுங்கள்.

பன்ச்சும் டையும்

இரத்மலானைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குளிசை அழுத்தும் மெஷினுக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். இப்போது ஓய்வு. தங்கச்சியின் கேள்விக்கு மேலே நல்ல பதில் வந்துவிட்டது. காலி வீதித் தம்பி "சும்மா நிரப்புகிற சாமான்" என்றதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

தைரொயிட்டுக்குக் கொடுக்கும் லெவோதைரொக்சினை எடுங்கள். ஒரு குளிசையில் 50 மைக்ரோகிராம். ஒரு அரிசி மணி ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருக்கும். அந்த ஒரு மணியை 400 துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுதான் மருந்து. அதை விரலால் எடுக்க முடியுமா? கண்ணுக்கே தெரியாது. லக்டோஸ், மைக்ரோகிறிஸ்டலைன் செலுலோஸ், கல்சியம் பொஸ்பேற், மனிற்றோல் என்று ஏதோவொன்றோடு கலந்து பருமனாக்கினால்தான் அது குளிசை. கலப்பதும் லேசில்லை. ஒவ்வொரு குளிசைக்குள்ளும் அந்தத் துண்டு ஒன்றேயொன்று விழவேண்டும்.

மறுபக்கம் பரசிட்டமோல். அதில் மருந்தே 500 மில்லிகிராம், பருமனுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பொடியைத் தனியாக டை என்ற அச்சுக்குழியில் போட்டு, பன்ச் என்ற அழுத்துகோலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது அடங்கும், பன்ச் மேலே போனதும் மறுபடி விரியும். குளிசையின் மேல்பகுதி தொப்பி கழன்றதுபோலத் தனியாக வந்துவிடும். நாங்கள் அதற்கு கப்பிங் என்போம். அதைத் தடுக்க ஒட்டும் பொருள் வேண்டும்: போவிடோன், அல்லது காய்ச்சிய மாக்கஞ்சி. பிட்டுக்கு மா குழைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரலால் உதிர்த்து மணிமணியாக்குவோம் இல்லையா? தண்ணீர் குறைந்தால் மாவாகவே கிடக்கும், கூடினால் களியாகிவிடும். தொழிற்சாலையில் கிரனுலேஷன் என்று பெரிய பாத்திரத்தில் செய்வதும் அதே வேலைதான். நான் புதிதாகச் சேர்ந்தபோது அங்கிருந்த மூத்தவர் ஒருவர், ஈர மாவை உள்ளங்கையில் பிடித்து, பிறகு பெருவிரலால் தட்டி உடைத்துப் பார்த்துத்தான் "போதும்" என்பார்.

இனித்தான் முக்கியமான இடம். இப்படி மணியாக்கி, ஒட்டி, தொன் கணக்கில் அழுத்திக் கல்லுப் போலாக்கிய ஒன்று, போத்தலில் குலுங்கியும் உடையாமல், லொறியில் மட்டக்களப்பு வரை போயும் உடையாமல், வயிற்றுக்குள் போனதும் சில நிமிடத்தில் உடையவேண்டும். ஒட்டு என்றும் உடை என்றும் ஒரே குளிசைக்கு இரண்டு கட்டளை. இரண்டாவதை நிறைவேற்றுவதுதான் டிஸின்டெக்ரன்ட், உடைய வைக்கும் பொருள்.

முந்தி அதற்குச் சோளமா, உருளைக்கிழங்கு மாதான். நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை போடவேண்டியிருக்கும். பிறகு வந்த மூன்று பொருட்கள் இரண்டு முதல் ஐந்து பங்கிலேயே அந்த வேலையைச் செய்கின்றன. மூன்றும் செய்யும் விதம் வேறு.

சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேற் பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவை மாற்றி எடுப்பது. தண்ணீரில் 300 மடங்கு வரை ஊதும். உள்ளேயிருந்து தள்ளி உடைக்கும். குறோஸ்கார்மெலோஸ் சோடியம் நாரிலிருந்து வருவது. அது 4 முதல் 8 மடங்குதான் ஊதும், ஆனால் அதன் நார் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரைக் குளிசையின் நடுவுக்கே இழுத்துக்கொண்டு போகும். குறொஸ்போவிடோன் பெரிதாக ஊதாது, பசையாகவும் ஆகாது. நுண்ணிய கடற்பஞ்சு போன்ற துகள். மெஷின் அழுத்தும்போது நசுங்கி, ஈரம் கிடைத்ததும் பழைய வடிவத்துக்கு மீளும். மீளும்போது பக்கத்திலிருப்பதைத் தள்ளும். வாயிலேயே கரையும் குளிசைகளில் இதைத்தான் அதிகம் காண்பீர்கள்.

கூடப் போட்டால் கூட நல்லது என்றும் இல்லை. ஸ்டார்ச் கிளைகோலேற் எட்டுப் பங்கைத் தாண்டினால் தானே பசையாகி, தண்ணீர் உள்ளே போகும் வழியை அடைத்துவிடும்.

மூன்றாம் வருடம்

ஐயா, நான் பாமசி படிக்கிறேன், அடுத்த கிழமை பரீட்சை. டிஸின்டெக்ரன்டை மணியாக்க முதல் போடுவதா, பிறகு போடுவதா என்று நோட்ஸில் இரண்டு விதமாகவும் இருக்கு. எது சரி?

பன்ச்சும் டையும்

இரண்டும் சரி மகள். பலர் இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள். வெளியே போட்ட பாதி குளிசையை மணிகளாக உடைக்கும். மணிக்குள் இருக்கும் பாதி மணியைத் தூளாக உடைக்கும். ஆனால் உள்ளே போட்டது ஒருமுறை நனைந்து காய்ந்ததால் அதன் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பரீட்சையில் கேட்பார்களோ தெரியாது, ஆனால் மெக்னீசியம் ஸ்டியரேற்றை மறக்காதே. குளிசை டையில் ஒட்டாமல் வழுக்கி வருவதற்குப் போடுவது, நூற்றுக்கு ஒரு பங்கும் வராது. அது கொழுப்பு அமிலத்தால் ஆனது. தண்ணீரை அண்ட விடாது. அதனால்தான் கடைசியில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கலக்குவது.

1990களில் ஒரு நாள். நான் ஸ்டியரேற்றைப் போட்டு பிளெண்டரை ஓடவிட்டேன். பக்கத்து அறையில் மெஷின் ஒன்று இறுகி நின்றதென்று கூப்பிட்டார்கள். திரும்பி வர அரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது, பிளெண்டர் அதுவரை சுற்றிக்கொண்டேயிருந்தது. யாருக்கும் சொல்லாமல் அழுத்தினோம். குளிசை வழமையை விட மெதுமையாக வந்தது. சரியென்று அழுத்தத்தைக் கூட்டினோம். பார்க்க அழகான, பளபளப்பான குளிசை. சோதனை அறையில் பதினைந்து நிமிடத்தில் உடையவேண்டியது நாற்பது நிமிடமாகியும் கூடைக்குள் கிடந்தது. ஸ்டியரேற் ஒவ்வொரு மணியின் மேலும் எண்ணெய்த் தாள்போல் படிந்துவிட்டது, டிஸின்டெக்ரன்ட் உள்ளே தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. எத்தனை நிறை, எத்தனை பங்கு என்று பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. கலக்கிய நேரம் மட்டும்தான் பிழை. அந்த பட்ச் முழுவதும் அழிக்கப்பட்டது. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மருந்து. இன்றைக்கும் எனக்கு அது வலிக்கும்.

மூன்றாம் வருடம்

அந்தக் "கூடை" பற்றிச் சொல்வீர்களா? லாபில் ஒரு தரம்தான் பார்த்தேன்.

பன்ச்சும் டையும்

ஆறு கண்ணாடிக் குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு குளிசை, அடியில் 2 மில்லிமீற்றர் கண்ணுள்ள கம்பிவலை. 37 பாகை செல்சியஸ் தண்ணீரில் நிமிடத்துக்கு 29 முதல் 32 தரம் ஏறி இறங்கும். மருந்துகளின் தரத்தைச் சொல்லும் பிரிட்டிஷ் நூலின்படி பூச்சில்லாத குளிசைக்கு 15 நிமிடம், மெல்லிய பூச்சுக்கு 30, சீனிப்பூச்சுக்கு 60. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பிள்ளைகளின் குளிசைக்கு 3 நிமிடம்.

இதில் தேறினால் மருந்து கரைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உடைவது வேறு, கரைவது வேறு. மணல்கட்டியும் தண்ணீரில் உடையும், மணல் கரையுமா? கரைவதற்குத் தனிச் சோதனை இருக்கு. ஒரு லீற்றர்ப் பாத்திரம், பெரும்பாலும் 900 மில்லிலீற்றர் திரவம், துடுப்பு மெதுவாகச் சுற்றும், இடையிடையே எடுத்து எவ்வளவு மருந்து கரைந்தது என்று அளப்பார்கள். வீட்டுக் கிளாசில் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

தெமட்டகொட வாசகி

எங்கட உம்மா எப்பவும் கேக்குற கேள்வி ஒன்று. ஜெலட்டின், மெக்னீசியம் ஸ்டியரேட் எல்லாம் எதுல இருந்து எடுக்கிறது? ஹலாலான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கொட்டாஞ்சேனைக் கவுண்டர்

கப்சியூல் கோதுக்கு ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். ஸ்டியரேற் பாம் எண்ணெய் போன்ற தாவர எண்ணெயிலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும். லக்டோஸ் பாலிலிருந்து. தாளில் பொருளின் பெயர் இருக்கும், எதிலிருந்து எடுத்தது என்று பெரும்பாலும் இருக்காது. இறக்குமதி செய்பவருக்கு எழுதிக் கேட்கலாம், அவர்கள் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்வார்கள். ஹைப்ரோமெலோஸில் செய்த கப்சியூல் கோதும் இருக்கு, அது தாவரம். எங்கள் சைவ வீட்டுக்காரர்களும் இதையே வந்து கேட்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஆனால் பதில் வரும்வரை உம்மா மருந்தை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலி வீதி

பன்ச் ஐயாவுக்கு நன்றி. அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அப்பா போன வருடம் தவறியதிலிருந்து மருந்து என்றாலே எனக்குக் கோபம் வருகிறது. உண்மையாகக் கேட்கிறேன்: மருந்தோடு சேர்க்கும் இந்தத் துணைப்பொருள் இவ்வளவு முக்கியம் என்றால், கொம்பனிக்குக் கொம்பனி அது வேறாக இருக்கும்போது, மலிவான குளிசையும் விலை கூடியதும் ஒன்று என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கொட்டாஞ்சேனைக் கவுண்டர்

அண்ணை, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது. அப்பாவின் இழப்புக்கு என் ஆறுதல்.

இந்த நாட்டில் மருந்தைக் கொம்பனிப் பெயரில் இல்லாமல் பொதுப்பெயரில் வாங்கவேண்டும் என்று போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் 1971இல் வந்தது, அவர்தான் முதல் தலைவர். லிப்டன் சுற்றுவட்டத்தில் உள்ள அரச மருந்துக்கடையான ஒசுசலவில் வரிசையில் நிற்கும் ஆயிரம் பேருக்கு மருந்து எட்டுவது அவரால்தான் என்று நான் மனதார நம்புகிறேன். மலிவு என்பதால் தரம் குறைவென்று ஆகாது.

ஒன்றென்று எப்படிச் சொல்கிறார்கள் என்றால், ஆரோக்கியமான ஆட்களுக்கு இரண்டு குளிசையையும் கொடுத்து இரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவதை அளந்து ஒப்பிடுவார்கள். இரண்டு அளவுக்குமான விகிதம், நிச்சயமின்மைக்கு விடும் இடத்தோடு சேர்த்து, நூற்றுக்கு 80க்கும் 125க்கும் இடையில் அடங்கவேண்டும். பெரும்பாலான மருந்துக்கு இது போதும். சிலவற்றுக்குக் கவனம் கூட வேண்டும். 1968இல் அவுஸ்திரேலியாவில் வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிற்றோயின் கப்சியூலில் கல்சியம் சல்பேற்றை எடுத்துவிட்டு லக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் பலருக்கு மருந்து கூடிய நஞ்சுக் குணங்கள் வந்தன, இரத்தத்தில் அளவு எகிறியிருந்தது. கல்சியம் இருந்தபோது மருந்து முழுதாக உறிஞ்சப்படவில்லை, லக்டோஸோடு உறிஞ்சப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது.

2017இல் பிரான்சில் லெவோதைரொக்சின் குளிசையில் லக்டோசுக்குப் பதிலாக மனிற்றோலும் சிற்றிக் அமிலமும் போட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் உடம்பு சரியில்லை என்று முறையிட்டார்கள். சோதனையில் இரண்டும் சமம் என்றே வந்திருந்தது. அதனால் தைரொயிட், வலிப்பு, இரத்தம் உறையாமல் எடுக்கும் மருந்துகளில் கொம்பனியை அடிக்கடி மாற்றாதீர்கள், மாற்றினால் டொக்டருக்குச் சொல்லுங்கள் என்று நான் கவுண்டரில் சொல்வேன்.

பன்ச்சும் டையும்

ஒன்று சேர்க்கிறேன். கொம்பனி துணைப்பொருளைக் கண்டபடி தெரிவதில்லை. பிரஷருக்கான அம்லோடிபினை முதலில் கொண்டுவந்த கொம்பனியின் குளிசையில் லக்டோஸ் கிடையாது. மைக்ரோகிறிஸ்டலைன் செலுலோஸ், கல்சியம் பொஸ்பேற், ஸ்டார்ச் கிளைகோலேற், மெக்னீசியம் ஸ்டியரேற், அவ்வளவுதான். அம்லோடிபினில் உள்ள அமைன் என்ற இரசாயனப் பகுதி லக்டோஸோடு சேர்ந்தால், பாண் சுடும்போது சிவக்கிற அதே தாக்கம் நடக்கலாம். சூடும் ஈரமும் உள்ள ஊரில் இன்னும் வேகமாக.

கொட்டாஞ்சேனைக் கவுண்டர்

ஈரம் என்றதும் கட்டாயம் சொல்லவேண்டியது ஒன்று. டிஸின்டெக்ரன்ட் தண்ணீரை இழுக்கவென்றே போடப்பட்டது. வயிற்றுத் தண்ணீர், கொழும்புக் காற்றிலுள்ள ஈரம் என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. கார்டிலிருந்து எடுத்துத் தாள் உறையில் போட்டு, குசினி அலுமாரியில் அடுப்புக்கு மேலே வைத்தால், குளிசை மெல்ல ஊதி, மெதுமையாகி, ஓரம் உதிரும். அஸ்பிரின் என்றால் வினாகிரி மணக்கும், அது மருந்தே சிதைகிற மணம். கடற்கரைப் பக்க வீடுகளில் இன்னும் மோசம். கிழமைப் பெட்டியில் போடுவதானால் குளிசையைப் பிதுக்கி எடுக்காமல் கத்தரிக்கோலால் கார்டோடு வெட்டிப் போடுங்கள். பிரிட்ஜுக்குள் வைத்து வைத்து எடுக்கவும் வேண்டாம், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் வேர்க்கும்.

நுரைத்துக் கரையும் குளிசைக் குழாயின் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருப்பதும் இதனால்தான். பிரஷர் உள்ளவர்கள் கவனிக்க: நுரைக்கும் பரசிட்டமோல் ஒன்றில் 400 மில்லிகிராம் அளவு சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் எல்லையே 2 கிராம்.

வெள்ளவத்தை மகள்

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குக் காலமை துண்டோட போனேன். டொக்டர் எழுதினது சாதாரண மெட்ஃபோர்மின்தான். பாமசியில இருந்தவர் பார்த்த உடனே பிழை எண்டு ஒத்துக்கொண்டு மாத்தித் தந்தார். டொக்டருக்கும் போன் எடுத்தன், வெறும் வயித்துச் சீனி ஒருக்காப் பார்க்கச் சொன்னார்.

வந்த உடனே அம்மா தானே ஒரு குளிசையைக் கிளாசில போட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவா. நாலு நிமிசம். பிறகு தாளை என்னட்டத் தந்து, எது உடைக்கிறது எண்டு கேட்டா. சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேற் ஐந்தாவதா இருக்கு. உருளைக்கிழங்கு மா எண்டு சொன்னேன். இப்ப, அதால சீனி ஏறாதோ எண்டு கேட்கிறா.

பன்ச்சும் டையும்

ஒரு குளிசையில் அது 20, 30 மில்லிகிராம்தான் இருக்கும் தங்கச்சி. ஒரு தேக்கரண்டி மாவில் நூறில் ஒரு பங்கு. ஏறாது என்று சொல்லுங்கள். சாப்பாட்டோடு, ஒரு கிளாஸ் தண்ணீர் நிறையக் குடித்து விழுங்கச் சொல்லுங்கள்.